கேம் நன்றாக ஓடுகிறது, ரெக்கார்டிங் மட்டும் ஏன் திக்குகிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீடு. ஐ5 பத்தாம் தலைமுறை பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஓபிஎஸ் (OBS) என்ற இலவச ரெக்கார்டிங் மென்பொருளை வைத்து ரெக்கார்டு செய்கிறீர்கள். விளையாடும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. காடு, புல்வெளி, இருட்டு வருகிற இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. போதாக்குறைக்கு இந்த மழையில் ரெண்டு தடவை கரண்ட் போய், ரெண்டு ஃபைலும் திறக்கவே இல்லை. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் கணினியே 1080பி, 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படம்) வீடியோவை அழகாக ரெக்கார்டு செய்யும். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனி பிரச்சினைகள். மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்ததால்தான் கார்டு மேல் சந்தேகம் போயிருக்கிறது. நான் குன்னூரில் கணினி பழுது பார்க்கிறவன். இந்த மலையில் கேம் ரெக்கார்டு செய்கிற பையன்கள், பெண்கள் கொண்டுவரும் கணினிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: கார்டு நன்றாக இருக்கும், ஆனால் கேம் அதை முழுக்க எடுத்துக்கொண்டு ரெக்கார்டருக்கு மூச்சுவிட இடம் தராமல் இருக்கும்.

திக்கலில் இருந்து தொடங்குவோம். செட்டிங்கைத் தொடும் முன் ஒரு சோதனை. ரெக்கார்டு செய்த ஃபைலை உங்கள் போனுக்கு மாற்றி, போனில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சீராக ஓடினால் ஃபைலில் குறை இல்லை. 60 எஃப்பிஎஸ் வீடியோவை 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஓட்டினால் அது இயல்பாகவே கொஞ்சம் திக்கும், ஏனென்றால் 75 தடவை புதுப்பிக்கிற திரையில் 60 படங்களைச் சமமாகப் பங்கிட முடியாது. சில படங்கள் ஒரு சுற்று நிற்கும், சில படங்கள் ரெண்டு சுற்று நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ரெக்கார்டிங் மேல் பழி போட்டவர்கள் நிறைய.

போனிலும் திக்கினால், விஎல்சி பிளேயரில் ஃபைலைத் திறந்து, கேமரா சீராகத் திரும்புகிற ஒரு இடத்தில் நிறுத்தி, ஆங்கில 'E' விசையைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், நகரும். ஒரு இருபது, முப்பது ஃபிரேம் பொறுமையாகத் தட்டிப் பாருங்கள். அசையாமல் அதே படம் திரும்ப வந்தால், அந்த நேரத்தில் ஓபிஎஸ்ஸுக்குப் புதுப் படம் கிடைக்கவில்லை என்று பொருள். எல்லாமே நகர்கிறது, ஆனால் மூன்று சின்ன அடிக்கு அப்புறம் ஒரு பெரிய அடி என்று தாவுகிறது என்றால் அது வேறு கதை. உங்களுக்கு இந்த ரெண்டாவதும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் இது. உங்கள் கேம் 75 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப நொடிக்கு 75 படம் வரைகிறது. ஓபிஎஸ் நொடிக்கு 60 எடுக்கிறது. மேட்டுப்பாளையம் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறு தாண்டி குன்னூர் வரைக்கும் எஞ்சினின் பல்சக்கரம் நடுத் தண்டவாளத்தின் பல்லில் மாட்டி ஏறும். பல்லுக்குப் பல் இடைவெளி ஒத்துப்போவதால்தான் வண்டி குலுங்காமல் ஏறுகிறது. இங்கே ஒரு பக்கம் 75 பல், இன்னொரு பக்கம் 60 பல். கேம் வரையும் ஒவ்வொரு ஐந்து படத்திலும் நாலுதான் வீடியோவுக்குள் போகும், ஒன்று விழுந்துவிடும். நொடிக்கு 15 படம் இப்படிக் காணாமல் போகிறது. அதுவும் சம இடைவெளியில் விழுவதால் கண் அதை உடனே பிடித்துக்கொள்ளும். எஃப்பிஎஸ் எண்ணிக்கை மேலே 75 என்று காட்டிக்கொண்டே இருக்கும், அதனால் விளையாடுகிறவருக்குச் சந்தேகமே வராது.

தீர்வு எளிது. ரெக்கார்டு செய்யும் நாளில் விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். கேமுக்குள்ளும் எஃப்பிஎஸ் உச்சவரம்பை 60 என்று வையுங்கள். கேமில் அந்த வசதி இல்லையென்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃபிரேம் ரேட் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் வைக்கலாம். மானிட்டரை 75-லேயே விட்டுவிட்டு கேமை மட்டும் 60-ல் பூட்டினால் வீடியோ சரியாக வரும், ஆனால் விளையாடும்போது உங்கள் கண்ணுக்குத் திக்கும். அதனால் ரெண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நல்லது. கதை கேம், கார் ஓட்டும் கேம் என்றால், திரை புதுப்பிக்கும் வேகத்தோடு கேமை ஒத்துப்போக வைக்கும் விசிங்கையும் (V-Sync) போட்டுவிடுங்கள், ஃபிரேம்கள் இன்னும் சீரான இடைவெளியில் வரும். துப்பாக்கிச் சண்டைப் போட்டியில் விசிங்க் கொஞ்சம் தாமதத்தைக் கூட்டும், அங்கே உச்சவரம்பு மட்டும் போதும். ஓபிஎஸ்ஸையே 75-க்கு மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் யூடியூப் 60-க்கு மேல் தராது. அங்கே போய் அதே வெட்டு விழும்.

இந்த உச்சவரம்பு இன்னொரு பெரிய வேலையையும் செய்கிறது. ஓபிஎஸ் கேம் படத்தை அப்படியே எடுத்து ஃபைலில் போடுவதில்லை. உங்கள் வெப்கேம், எழுத்து, கேம் படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாக அதுவே கிராஃபிக்ஸ் கார்டில் வரைகிறது. கேம் கார்டை 99 சதவீதம் பிடித்து வைத்திருந்தால் ஓபிஎஸ் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லிநொடி. அதற்குள் முறை வராவிட்டால் பழைய படமே திரும்பப் பதிவாகும். விஎல்சியில் அசையாத ஃபிரேம் வந்ததே, அது இதுதான்.

எனவே டாஸ்க் மேனேஜரில் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 60-ல் பூட்டிய பிறகும் 95-க்கு மேலேயே நின்றால், கேமில் நிழல், பிரதிபலிப்பு, புகைமூட்டம் மூன்றில் ஒன்றை ஒரு படி குறையுங்கள். நான் 85-ஐத் தாண்ட விடமாட்டேன். வீடியோ பார்ப்பவருக்கு நிழலின் தரம் ஒரு படி குறைந்தது தெரியாது, திக்கினால் கட்டாயம் தெரியும். கூடவே, ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். விண்டோஸ் 10, 11-ல் அப்படித் திறந்தால் கார்டில் ஓபிஎஸ்ஸுக்கு முன்னுரிமை கிடைக்கும். இது ஒரு வலது கிளிக் வேலை, ஆனால் இது ஒன்றிலேயே குணமான கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்று ஒரு பலகை இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரெக்கார்டு செய்யுங்கள். அதில் ரெண்டரிங் லேக் என்ற எண் ஏறினால், இப்போது சொன்னதுதான், கார்டில் இடமில்லை. என்கோடிங் லேக் ஏறினால் படத்தைச் சுருக்குகிற வேலை திணறுகிறது. இந்த ரெண்டு எண்ணையும் பார்க்காமல் செட்டிங்கை மாற்றுவது காய்ச்சலை அளக்காமல் மாத்திரை கொடுக்கிற மாதிரி.

சுருக்குகிற வேலைக்கு உங்கள் கார்டில் தனியாகவே ஒரு பகுதி இருக்கிறது, என்வென்க் (NVENC) என்பார்கள். 2012-ல் வந்த 600 வரிசையில் இருந்து என்விடியா இதை வைத்து வருகிறது. எல்லாக் கார்டிலும் இருக்காது. ஜிடி 1030-ல் இல்லை, அது தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. உங்கள் 1650-ல் இருக்கிறது. ஓபிஎஸ்ஸில் என்கோடர் என்ற இடத்தில் எக்ஸ்264 (x264) என்று இருந்தால் பிராசசர் அந்தச் சுமையைத் தூக்குகிறது என்று அர்த்தம். கேமுக்கும் அதே பிராசசர்தான் வேண்டும். உடனே என்வென்க் எச்.264-க்கு மாற்றுங்கள். 1650-ன் முதல் பதிப்பில் முந்தைய தலைமுறை என்வென்க்கைத்தான் வைத்தார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது நேரலைக்குத்தான் உறுத்தும். டிஸ்கில் தாராளமாக இடம் கொடுத்து ரெக்கார்டு செய்யும்போது உங்கள் கண்ணுக்கு அந்த வித்தியாசம் எட்டாது. இன்டெல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் குவிக் சிங்க் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அது 2011-ல் இருந்தே இருக்கிறது.

இனி கட்டம் கட்டமாக உடைவது. ஓபிஎஸ்ஸின் எளிய முறையில் ரெக்கார்டிங் தரம் "நேரலைக்கு உள்ளது போலவே" என்று இருக்கிறதா பாருங்கள். பலரிடம் அதுதான் இருக்கும். இணைய வேகத்துக்காக இறுக்கிப் பிடித்த பிட்ரேட்டை (நொடிக்கு எழுதும் தரவின் அளவை) உங்கள் சொந்த டிஸ்குக்கும் அது பயன்படுத்துகிறது. தேவையே இல்லாத கஞ்சத்தனம்.

கோத்தகிரியில் இருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். தூரத்து மலை அசையாமல் கிடக்கும். பக்கத்தில் சில்வர் ஓக்கும் தேயிலைச் செடியும் பாய்ந்து ஓடும், ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு இலையும் புதுசு. வீடியோவைச் சுருக்குகிற நிரலுக்குத் தூரத்து மலை சுலபம். முந்தின படத்தில் இருந்ததேதான் என்று ஒரு வரியில் எழுதிவிடும். பாய்கிற இலைகளை அப்படி எழுத முடியாது. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும், அதற்கு நிறைய இடம் வேண்டும். நேரலைக்கான சிபிஆர் (CBR, மாறாத பிட்ரேட்) முறை ரெண்டுக்கும் ஒரே அளவு இடம்தான் தரும். இலை வரும்போது போதாமல் கட்டமாக உடைகிறது, மெனு திரை அசையாமல் நிற்கும்போது இடம் வீணாகிறது.

அதனால் அவுட்புட்டை மேம்பட்ட முறைக்கு மாற்றி, ரெக்கார்டிங் பகுதியில் ரேட் கண்ட்ரோலை சிகியூபி (CQP) ஆக்குங்கள். இதில் நீங்கள் பிட்ரேட் சொல்வதில்லை, தரத்தைச் சொல்கிறீர்கள். காட்சிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை அதுவே எடுத்துக்கொள்ளும். எண் குறையக் குறையத் தரம் கூடும். 20-ல் தொடங்குங்கள். இலை, மழை, மூடுபனி அதிகம் உள்ள கேம் என்றால் 18. வெறும் பேச்சு, மெனு, கட்டம் கட்டமான மைன்கிராஃப்ட் மாதிரி என்றால் 23 கூடப் போதும். 16-க்குக் கீழே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஃபைல் வீங்குவதுதான் மிச்சம். பிரீசெட் பி5, கீஃபிரேம் இடைவெளி 2 நொடி, புரொஃபைல் ஹை. லுக்அஹெட், சைக்கோ விஷுவல் ட்யூனிங் ரெண்டையும் எடுத்துவிடுங்கள். அவை என்வென்க் பகுதியில் ஓடாமல் கேம் பயன்படுத்துகிற அதே பகுதியில் இடம் கேட்கும், நாம் கஷ்டப்பட்டு விட்ட இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வண்ண அமைப்பில் ரெக் 709, லிமிடெட் என்று இருப்பதைத் தொடவே வேண்டாம். ஃபுல் என்று மாற்றினால் சில பிளேயரில் கறுப்பு சாம்பலாகவும், சிலவற்றில் நிழல் எல்லாம் கரியாகவும் தெரியும்.

இடக் கணக்கு சொல்கிறேன். சிகியூபி 20-ல் ஒரு கேம் சராசரியாக 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 5 மெகாபைட், நிமிடத்துக்கு 300, மணிக்கு 18 ஜிபி. நொடிக்கு 5 மெகாபைட் எழுத உங்கள் ஹார்ட் டிஸ்க் தாராளமாகப் போதும். ஆனால் கேமும் அதே ஹார்ட் டிஸ்கில் இருந்தால் ஊசி ஒரு பக்கம் படிக்கவும் ஒரு பக்கம் எழுதவும் அலையும், புது இடம் லோடாகும் ஒவ்வொரு முறையும் கேமே நின்று நின்று போகும். ரெக்கார்டு செய்கிற கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், வீடியோ ஹார்ட் டிஸ்குக்குப் போகட்டும். பென்டிரைவில் நேராக ரெக்கார்டு செய்யாதீர்கள். 8 ஜிபி ரேமில் குரோம் பத்து டேபோடு திறந்திருந்தால் அதை மூடிவிடுங்கள், அவ்வளவுதான்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கே வலி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஆடி மாதம், ஒரு கேமின் கடைசி மூன்று மணி நேரத்தை ஒரே மூச்சில் ரெக்கார்டு செய்தேன். முடியும் நேரத்தில் எங்கேயோ மரம் விழுந்து லைன் போனது. 50 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் டிஸ்கில் கிடக்கிறது, எந்த பிளேயரும் திறக்கவில்லை. அந்தக் கடைசிக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது என் குரல் எப்படி இருந்தது என்பது போனது போனதுதான்.

எம்பி4 ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ரெக்கார்டிங் நிறுத்தும்போதுதான் கடைசியாக எழுதுவார்கள். அதற்கு முன் கரண்ட் போனால், பக்கங்கள் எல்லாம் இருக்கும், வாசிக்க வழி இருக்காது. எம்கேவி அப்படி இல்லை. போகிற போக்கில் எழுதிக்கொண்டே போகும், கரண்ட் போனால் கடைசிச் சில நொடி மட்டும்தான் போகும். எனவே ரெக்கார்டிங் ஃபார்மேட்டை இன்றைக்கே எம்கேவிக்கு மாற்றுங்கள். எடிட்டிங் மென்பொருள் எம்பி4 கேட்டால் ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவிலேயே ரீமக்ஸ் இருக்கிறது. படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றும், தரம் துளியும் குறையாது, பெரிய ஃபைலும் சீக்கிரம் முடிந்துவிடும். 2024-ல் வந்த 30.2 பதிப்பில் இருந்து ஹைப்ரிட் எம்பி4 என்ற வகையும் இருக்கிறது, அதுவும் இந்த மாதிரி விபத்தைத் தாங்கும். பழைய எம்பி4-ல் மட்டும் இந்த மலையில் யாரும் ரெக்கார்டு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திறக்காத அந்த ரெண்டு ஃபைலையும் அழித்துவிடாதீர்கள். அன்ட்ரங்க் (untrunc) என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. அதே செட்டிங்கில் ரெக்கார்டு செய்த, ஒழுங்காகத் திறக்கிற இன்னொரு ஃபைலை மாதிரியாகக் கொடுத்தால், உடைந்த ஃபைலின் அட்டவணையைத் திரும்பக் கட்டிப் பார்க்கும். எப்போதும் வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலருக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறேன். செட்டிங்கை எல்லாம் மாற்றும் முன் பழைய செட்டிங்கிலேயே ஒரு நிமிட எம்பி4 எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரிக்கு உதவும்.

யூபிஎஸ் வாங்க முடிந்தால் கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும். சில நிமிடம் தாங்கினால் ரெக்கார்டிங்கை நிறுத்திக் கணினியை ஒழுங்காக அணைத்துவிடலாம். ஃபைலைவிட ஹார்ட் டிஸ்குக்குத்தான் அது பெரிய பாதுகாப்பு.

குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். நம் வீடுகள் பலவற்றுக்குத் தகரக் கூரை. ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் பேசுவது நமக்கே கேட்காது. ஓபிஎஸ்ஸில் கேம் சத்தத்தை ஒரு டிராக்கிலும் மைக்கை இன்னொரு டிராக்கிலும் கட்டாயம் பிரித்துப் போடுங்கள், முதல் டிராக்கில் ரெண்டும் கலந்து இருக்கட்டும். மைக் ஃபில்டரில் ஆர்என்நாய்ஸ் (RNNoise) என்ற இரைச்சல் நீக்கி, ஃபேன் சத்தம், லேசான தூறல் வரைக்கும் நன்றாக வேலை செய்யும். அடைமழையை எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது, குரலையும் சேர்த்து அரித்துவிடும். அந்த மாதிரி நாளில் கேமை மட்டும் ரெக்கார்டு செய்துவிட்டு, மழை விட்ட பிறகு வீடியோவைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்யுங்கள். டிராக் பிரிந்திருந்தால்தான் இது முடியும். விண்டோஸிலும் ஓபிஎஸ்ஸிலும் ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்றாக இருக்கட்டும்.

லேப்டாப்பில் இதைச் செய்கிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன் மேலேயே லேப்டாப்பை வைத்து விளையாடுவது நம் ஊர்ப் பழக்கம். காற்று உள்ளே போகும் வாய் அடியில்தான் இருக்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் தள்ளுகிற காற்று அந்த அளவுக்குக் குறைவாகவே சூட்டை எடுக்கும். குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது, ஆனால் கம்பளி மூடினால் ஈடுகட்ட முடியாது. பலகை வைத்து விளையாடுங்கள், சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். ஓபிஎஸ்ஸில் கேம் கேப்சர் கறுப்பாக இருந்தால், கேம் ஒரு கார்டிலும் ஓபிஎஸ் இன்னொரு கார்டிலும் ஓடுகிறது. விண்டோஸ் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸையும் அதிகத் திறன் கார்டுக்கு மாற்றினால் படம் வந்துவிடும்.

அப்லோடு நேரத்தையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எடிட் முடித்த 15 நிமிட வீடியோவை 1080பி-யிலேயே ஏற்றாமல், ஏற்றுமதி செய்யும்போது 1440பி-க்குப் பெரிதாக்கி 24 எம்பிபிஎஸ்ஸில் எடுக்கச் சொல்வேன். 1440பி-க்கு யூடியூப் விபி9 என்ற மேலான சுருக்கமுறையைத் தருகிறது, புல்லும் இலையும் அங்கே உடையாமல் நிற்கும். ஃபைல் 2.7 ஜிபி வரும். அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது போட்டுவிட்டால் படுக்கும் முன் முடிந்துவிடும்.

இன்றைக்கு ராத்திரி மழை விட்டிருந்தால், மானிட்டர் 60, கேம் 60, என்வென்க், சிகியூபி 20, எம்கேவி இந்த ஐந்தை மட்டும் மாற்றி, கேமில் இருப்பதிலேயே கனமான இடத்தில் ரெண்டு நிமிடம் ரெக்கார்டு செய்யுங்கள். போனில் ஓட்டிப் பாருங்கள். இன்னும் திக்கினால் ஸ்டாட்ஸ் பலகையில் ரெண்டரிங் லேக் எத்தனை, என்கோடிங் லேக் எத்தனை, கார்டின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்ற மூன்று எண்ணையும், எந்த கேம் என்பதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.